ஆள் ஜாமீன்

அத்தியாயம் 9

வைத்திலிங்கம் தன் பேரில் ஒரு பைசா கடன் வாங்கினவன் இல்லை. ஆனாலும் இந்த மாதச் சம்பளத்தில் பாதியைக் கடன் சங்கம் பிடித்துக்கொண்டது.

வாங்கினவன் மச்சான் ராஜாங்கம். வைத்திலிங்கத்தின் பெண்டாட்டி சின்னம்மாளின் கூடப் பிறந்தவன். இவன் ஜாமீன் போட்டான். அவன் அந்தப் பணத்தில் முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். பூத்த பூவைப் பனியும் காற்றும் கொண்டுபோயின. அப்புறம் ஒரு நாள் நெய்வேலி மைன்ஸ் வேலைக்கும் வராமல், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். வேலையில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஜாமீன் கேட்க அவன் வெறுங்கையோடு வரவில்லை என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். வைத்திலிங்கத்தின் மகள் செல்லக்கிளி பெரியவளானபோது, தட்டு நிறைய வெற்றிலையும் பட்டுப் பாவாடையுமாக, மேளத்தோடு தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். ஒரு வாரம் கழித்து வந்து, "ஒரு ஜாமீன்தானே மாமா" என்றான். அந்தப் பட்டும் கடனுக்கு எடுத்ததுதான் என்பது பிறகு தெரிந்தது. சிரித்துக்கொண்டு வரும் உறவுக்காரனுக்கு நாற்காலி போடுமுன் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்திலிங்கம் நாற்காலி போட்டான்.

ஜாமீன் போடுகிறவனுக்கு வாங்கின பணத்தில் பங்கு கிடையாது. வாங்கினவன் ஓடினால் கட்டுகிற பணத்தில் முழுப் பங்கும் அவனுக்குத்தான். கட்டை விரலைப் பிடித்து மை தடவுகிறபோது இதை எவனும் சொல்வதில்லை.

சம்பளம் பாதியானதுகூடப் பெரிதில்லை. செல்லக்கிளிக்கு நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளை நிச்சயமாகி, பரிசம் போட்டாயிற்று. சர்க்கரை ஆலையில் பர்மனெண்ட் வேலை பார்க்கிற பையன். தை பிறந்தால் கல்யாணம். அதற்குச் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் வைத்திலிங்கம் துணிந்து பரிசத்துக்குச் சம்மதித்தான். ஜாமீன் கடன் நிலுவையில் நிற்கும்வரை உனக்குக் கடன் கிடையாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

இன்று அவனுக்கு வார ஓய்வு. முதல் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. குவார்ட்டர்ஸின் பின்கட்டில் சின்னம்மாள் ஒரு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் முந்தானையால் மூடினாள்.

மூடியதால்தான் அவன் பிரித்துப் பார்த்தான். துவைத்து மடித்த பழஞ்சேலை இரண்டு. ஒரு பொட்டலம் சுக்கு.

"பழஞ்சேலையும் சுக்கும் யாருக்குடி? யாருக்குப் புள்ள பொறக்கப் போவுது?"

சின்னம்மாள் மூட்டையை இழுத்து மறுபடி முடிச்சுப் போட்டாள்.

"உன் தம்பி பொண்டாட்டிக்கா?"

"முழுகாம இருக்கான்னு தெரிஞ்சிது. எட்டு மாசம். பெத்தவ இல்லாத பொண்ணு."

"தெரிஞ்சிதா? யார் சொல்லித் தெரிஞ்சிது? எத்தினி நாளா தெரிஞ்சிகினு இருக்க?"

"சந்தைக்கு முந்திரிப் பருப்பு கொண்டாற நாகம்மா சொன்னா. காடாம்புலியூர்ல தங்கராசு கொட்டாய்ல கொட்டை ஒடைச்சிகினு கெடக்கறாங்களாம் ரெண்டு பேரும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா போய் அடிப்பீங்க."

"அடிக்க மாட்டேன். கொண்டாந்து நிறுத்துவேன்."

"எங்க?"

"சங்கத்துல. ஓடிப்போன ஆளைக் கொண்டாந்து நிறுத்திட்டா ஜாமீன் வுட்டுப் போச்சு. அப்புறம் அவனாச்சு, சங்கமாச்சு."

சின்னம்மாள் எழுந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஊர் பார்க்க அவனை இழுத்தாந்தீங்கன்னா தையில வந்து மாலை எடுத்துக் குடுப்பானா? தாய்மாமன் இல்லாம எம் பொண்ணு மணையில ஒக்காருவாளா?"

"பணம் இல்லாம மணை எங்கேந்துடி வரும்? உன் தம்பி தலையில வெச்சிகினு வருவானா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மூட்டையைச் சின்னம்மாள் அவன் கையில் திணித்தாள். அதை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் போகிறபோது அவனுக்கு அப்பன் நினைவு வந்தது.

மைன்ஸ் வருவதற்கு முன்னால் இவர்களெல்லாம் பண்ணையில் கிடந்தவர்கள். பண்ணையாள் முன்பணம் வாங்கினால் இன்னொரு ஆள் ஜாமீன் நிற்க வேண்டும். அதற்கு ஆள் ஜாமீன் என்று பெயர். ஆள் ஓடினால் ஜாமீன் நின்றவன் தேடிப் பிடித்து வந்து பண்ணை வாசலில் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் அவன் பொறுப்பு தீர்ந்தது. இவன் அப்பன் அப்படி நின்றவர். கடலூர் துறைமுகத்துக்கு ஓடின ஒருவனைப் பிடித்து, துண்டால் கையைக் கட்டிக் கூட்டிவந்து நிறுத்தினார். "சரி, நீ போ" என்றது பண்ணை. அப்பன் வந்துவிட்டார். அந்த ஆளை அப்புறம் என்ன செய்தார்கள் என்று அப்பன் சொன்னதில்லை. வைத்திலிங்கமும் கேட்டதில்லை.

அவனுக்குத் தெரிந்த ஜாமீன் அது ஒன்றுதான். சங்கத்துக்காரர் மை தடவியபோது அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு விரலை அழுத்தினான். ராஜாங்கம் எங்கே ஓடிவிடப் போகிறான், ஓடினால் பிடிக்க எனக்குக் கால் இல்லையா என்று நினைத்தான்.

தங்கராசுவின் ஓலைக் கொட்டாய் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பின் ஓரத்தில் இருந்தது. வறுத்த கொட்டையின் புகை தொண்டையைக் கமறியது. வரிசையாக உட்கார்ந்து கட்டையால் கொட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தட்டில் சாம்பல். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் உரியும். சாம்பல் தடவிக்கொண்டாலும் கொஞ்சம் மெதுவாக உரியும், அவ்வளவுதான்.

ராஜாங்கம் தலை நிமிர்ந்து பார்த்தான். ஓடவில்லை.

"வாங்க மாமா" என்றான்.

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் வைத்திலிங்கத்துக்கு அந்தக் கைகளைப் பார்த்ததும் பாதி மறந்துபோயின. விரல் நுனியெல்லாம் கருத்து வெடித்திருந்தது. மீதியை வைத்துத் திட்டினான்.

"பட்டுப் பாவாடை எடுத்தாந்த கையாடா இது? எம் பொண்ணு கல்யாணத்துல மண்ணைப் போட்டுட்டு இங்க வந்து குந்திகினு இருக்க!"

பக்கத்தில் இருந்த மாரியம்மாள், ராஜாங்கத்தின் பெண்டாட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இங்க நாங்க விருந்து துன்னுகினா இருக்கறோம் அண்ணே? தோப்புக்கு இந்தக் கொட்டாய்க்காரர்கிட்டயும் முன்பணம் வாங்கிட்டு, அதை ரெண்டு பேரும் ஒழைச்சிக் கழிச்சிகினு கெடக்கறோம்."

"சங்கத்துல ஒண்ணு, இங்க ஒண்ணா? இன்னும் எத்தினி எடத்துலடா வாங்கின?"

ராஜாங்கம் அடுத்த கொட்டையை எடுத்து வைத்துத் தட்டினான்.

"எழுந்திரு. நெய்வேலிக்கு வா. சங்கத்துல வந்து நில்லு."

"வரேன் மாமா."

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று வைத்திலிங்கம் எதிர்பார்க்கவில்லை. அங்கேயே அவன் யோசித்திருக்க வேண்டும். ராஜாங்கம் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான், குனிந்து மாரியம்மாளிடம் காதோடு ஏதோ சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டிலில் படுத்திருந்த தங்கராசு எழுந்து வந்தார். பருத்த ஆள். சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கம் இல்லாதவர்.

"ஆளை எங்க ஓட்டிகினு போற?"

"ஒரு சோலிங்க. சாயங்காலம் வந்துடுவான்."

"நீ யாரு?"

"இவன் அக்கா புருசன். மைன்ஸ்ல பர்மனெண்டு."

"பர்மனெண்டா? நல்லது. இவன் இங்கேந்து போனா திரும்பி வர ஆளு இல்ல. யாரு பொறுப்பு?"

வைத்திலிங்கத்துக்கு அவசரம். சங்கம் மூடுவதற்குள் போயாக வேண்டும். இன்று ஆளை நிறுத்திவிட்டால் நாளைக்கே கல்யாணக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

"நான் பொறுப்பு" என்றான். "வெளக்கு வெக்கறதுக்குள்ள இங்க ஆளு நிப்பான்."

"நின்னா சரி. அதுவரைக்கும் இவ இங்கதான் இருப்பா" என்று மாரியம்மாளைக் காட்டினார் தங்கராசு. சின்னம்மாள் கொடுத்த மூட்டையை வைத்திலிங்கம் அவள் பக்கத்தில் வைத்தான்.

ஒரு ஜாமீனிலிருந்து கழற்றிக்கொள்ள வந்தவன், இன்னொன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அப்போது அது அவனுக்குத் தெரியவில்லை. மச்சானின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நெய்வேலி வரைக்கும் விடவில்லை. ஆள் மேல் அவ்வளவு சந்தேகம். ஆனால் தன் வாயிலிருந்து வந்த வாக்கைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவில்லை.

சங்கத்து குமாஸ்தா கோபாலகிருஷ்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். வைத்திலிங்கம் வரிசையை ஒதுக்கிவிட்டு மச்சானை முன்னால் தள்ளினான்.

"யார் அண்ணாச்சி இது?"

"இவன்தாங்க ராஜாங்கம். கடன் வாங்கிட்டு ஓடினவன். புடிச்சாந்துட்டேன்."

"சரி. பணம் கொண்டாந்திருக்காரா?"

"பணம் ஏதுங்க அவன்கிட்ட? ஆளைக் கொண்டாந்து நிறுத்திட்டேன். பாத்துக்குங்க. எம் பேரை எடுத்துடுங்க."

கோபாலகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "ஆளை வச்சுச் சங்கம் என்ன செய்ய அண்ணாச்சி?"

வரிசையில் ஒருவன் குரல் கொடுத்தான். "வூட்டுக்கு ஓட்டிப் போய்க் கட்டு வைத்திலிங்கம். நாலு நாள் புல்லு போட்டா பால் கறந்தாலும் கறக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் எவனுக்காவது ஜாமீன் போட்டவர்கள்தான். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

"சிரிக்காதீங்கய்யா" என்றார் கோபாலகிருஷ்ணன். பிறகு குரலைத் தணித்தார். "அண்ணாச்சி, நீங்க ஜாமீன் போட்டது இவருக்கு இல்ல. பணத்துக்கு. இவரு ஓடினாலும் நின்னாலும் செத்தாலும் பணம் நிக்கும். இவருக்குச் சம்பளம் இல்ல. உங்களுக்கு இருக்கு. அதுலதான் பிடிக்கணும்."

"அப்ப இவனுக்கு வேலையைத் திருப்பிக் குடுங்க. இவன் சம்பளத்துல புடிங்க."

"வேலை குடுக்கது நானா? சொல்லாம வேலைக்கு வராம நின்னா பேரை அடிச்சிருவாவ. இவருக்கு நடந்ததைத்தான் பாத்தியள்லா. நாளைக்கு நீங்க நின்னாலும் அதேதான்."

"எம் பொண்ணு கல்யாணம்ங்க."

"தெரியும் அண்ணாச்சி. மனசு சங்கடமாத்தான் இருக்கு. இது தீர்ற வரைக்கும் உங்க பேர்ல கடன் எழுத முடியாது."

வைத்திலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் நின்றவன் தோளைத் தட்டி, "நவுருண்ணே" என்றதும் நகர்ந்தான்.

வெளியே வேப்ப மரத்தடியில் மச்சானைத் திருப்பி நிறுத்தினான்.

"ஆளைக் கொண்டாந்தா ஒண்ணும் ஆவாதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சிகினா வந்த?"

"நீங்க கூப்டீங்க. வந்தேன்."

அடிக்கக் கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அடிக்கவும் ஒரு நம்பிக்கை வேண்டும்.

காடாம்புலியூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப் போனான். சின்னம்மாள் தம்பியின் கையைப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சோறு போட்டாள். விரலை மடக்க முடியாமல் அவன் பிசைவதைப் பார்த்து, தானே உருண்டை பிடித்துக் கொடுத்தாள்.

"ராஜாங்கத்தைப் பார்த்துக்க. பஸ்ஸுக்குச் சில்லறை இல்ல. பக்கத்து பிளாக்குல வாங்கிகினு வரேன்" என்று வைத்திலிங்கம் வெளியே போனான். தங்கராசுவிடம் கொடுத்த வாக்கை அவளிடம் சொல்லவில்லை. சங்கத்தில் நடந்ததைச் சொல்லவே அவனுக்கு நாக்கு எழவில்லை. இதை வேறு எப்படிச் சொல்வது?

திரும்பி வந்தபோது பாதிச் சோற்றோடு தட்டு கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது.

"எங்கடி?"

"போயிட்டான்."

"எப்படிப் போனான்?"

"நான்தான் கதவைத் தெறந்தேன்." சின்னம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "சங்கத்துல போலீசுல புடிச்சிக் குடுக்கச் சொல்லிட்டாங்களாம். நீங்க ஆளு கூப்புடப் போயிருக்கீங்கன்னான். தையில வந்து நிப்பேன், மாலை எடுத்துக் குடுப்பேன்னு எந் தலையில அடிச்சி சத்தியம் பண்ணான். அனுப்பிட்டேன்."

"எந்தப் போலீசுடி? ஒருத்தனும் அப்படிச் சொல்லல."

அவள் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாரியம்மாவை அங்க நிறுத்திட்டு வந்திருக்கேன். ஆளைத் திருப்பிக் கொண்டாறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். வயித்துப் புள்ளக்காரிடி."

"ஐயோ, என்கிட்ட ஏன் சொல்லல?"

காலையில் அவன் அவளிடம் கேட்ட அதே கேள்வி.

பஸ் நிலையம், டீக்கடை, மரத்தடி எல்லாம் பார்த்தான். ராஜாங்கம் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது. துண்டை இறுக்கித் தலையில் கட்டிக்கொண்டு பஸ் பக்கம் போனவனைச் சின்னம்மாள் ஓடிவந்து பிடித்தாள்.

"நாளைக்கு பஸ்ட் ஷிப்ட்டு!"

"தெரியும்."

"சொல்லாம நின்னா..."

"தெரியும்டி. கையை வுடு."

கொட்டாயில் அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார் தங்கராசு. திரியை ஏற்றவில்லை. வைத்திலிங்கம் தனியாக வருவதைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்படுகிறவனிடம் கெஞ்சிப் பார்க்கலாம். இவரிடம் அதற்கும் வழி இல்லை.

"ஆளு எங்கய்யா?"

"ஓடிட்டான்."

"நீதான பொறுப்புன்ன?"

"நான்தான். அதான் வந்திருக்கேன். அந்தப் பொண்ணை அனுப்பிடுங்க. மாசமா இருக்கறா."

"அனுப்பறேன். எனக்கு ஆளு வேணும். பணத்தைக் கேட்டா இவனுங்ககிட்ட ஏது? ஆளு ஒக்காந்து ஒடைச்சாத்தான் என் பணம் கழியும்." விளக்கை ஏற்றி ஆணியில் மாட்டினார். "ராஜாங்கம் எடம் காலியாத்தான் கெடக்கு."

இங்கே ஜாமீன் அப்பன் காலத்து ஜாமீன்தான். ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் வைத்திலிங்கம் கைநழுவ விட்டுவிட்டான்.

பண்ணையை விட்டு, பள்ளம் வெட்டி, மண் சுமந்து, கான்ட்ராக்டில் காய்ந்து பர்மனெண்ட் ஆனவன், மச்சான் உட்கார்ந்திருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தான். நாளை முதல் ஷிப்ட்டில் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள்.

"நீ எழுந்திரு மாரியம்மா. கடைசி பஸ் இருக்கு. நம்ம வூட்டுக்குப் போ. அக்கா இருக்கா."

மாரியம்மாள் எழுந்திருக்கவில்லை. சாம்பல் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"நல்லாத் தடவிக்கண்ணே. மொத நாளு ரொம்ப எரியும்."

அவன் தட்டில் கையை வைத்தான். அவள் விளக்கைப் பார்த்தபடி பேசினாள்.

"காத்தால போறப்பவே காதுல சொல்லிட்டுத்தான் போனாரு. நான் திரும்ப மாட்டேன், நீ பயப்படாத, மாமா வந்துடுவாரு, அவரு வாக்குத் தவற மாட்டாருன்னு."

கட்டைகள் தட்டுகிற சத்தம் மட்டும் வைத்திலிங்கத்தின் தலைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"எங்க போறேன்னு சொன்னானா?"

"நெல்லிக்குப்பம்."

"அங்க யாரு இருக்காங்க அவனுக்கு?"

மாரியம்மாள் அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம செல்லக்கிளியைக் கட்டிக்கப் போறவரு. தாய்மாமன் போய் ஒரு கடனுக்குக் கேட்டா ஜாமீன் போட மாட்டேன்னா சொல்லிடுவாரு? அவரும் பர்மனெண்டுதானேண்ணே."

சாம்பலுக்குள் வைத்திலிங்கத்தின் கை அப்படியே நின்றது.